ராத்திரி யோசனை, காலையில் டென்ட்: வாசகர் கேள்வி பதில்

இந்தத் தடவை வந்த கேள்விகளைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே விஷயம்தான். நீண்ட வார இறுதி ஒன்று வருகிறது, வீட்டில் யாரோ ஒருவர் "ஏதாவது தேசியப் பூங்காவுக்குப் போய் டென்ட் போட்டுத் தங்கலாமா" என்று பேச்சை எடுக்கிறார், பிள்ளைகள் உடனே பையைக் கட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள், அதற்கப்புறம்தான் பெரியவர்களுக்குக் கவலை பிடிக்கிறது. நீங்கள் எழுதுவது பல நாடுகளிலிருந்து, அதனால் எங்கேயும் பொருந்தக்கூடியதைச் சொல்கிறேன். உங்கள் பூங்காவின் விதி நான் சொல்வதற்கு மாறாக இருந்தால் அவர்கள் சொல்வதைக் கேளுங்கள், என்னை விட்டுவிடுங்கள்.

கேள்வி: நாளைக் காலை கிளம்பலாம் என்று இன்று ராத்திரிதான் முடிவு செய்தோம். எதையும் முன்பதிவு செய்யவில்லை. "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம், பூங்கா என்ன ஓடியா போகும்" என்கிறார் கணவர். போகலாமா?

கிளம்புங்கள். "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்பதுதான் இடிக்கிறது. எந்தப் பாதையில் நடப்பது, எதைப் பார்ப்பது, எப்போது சாப்பிடுவது, இதையெல்லாம் போகிற போக்கில் முடிவு செய்யலாம், திடீர்ப் பயணத்தின் ருசியே அதில்தான் இருக்கிறது. ஆனால் ராத்திரி எங்கே படுக்கப்போகிறோம் என்பது மட்டும் வண்டியைக் கிளப்புவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். பசியில் அழும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, "இடமில்லை" என்ற பலகைகளைப் படித்தபடி இருட்டில் ஒவ்வொரு முகாமாகச் சுற்றுவதைவிடக் குடும்பத்துக்குள் வேகமாகச் சண்டை மூட்டும் காரியம் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பெயர்பெற்ற பூங்காக்களில் முகாம் இடங்கள் பல மாதங்களுக்கு முன்பே போய்விடும். அமெரிக்காவின் யோசெமிட்டி மாதிரி பூங்காக்களில் கோடைக்கால இடங்கள் முன்பதிவு திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடுவது வாடிக்கை. அதற்காக மனம் தளர வேண்டாம். மாதக்கணக்கில் முன்னாலேயே பிடித்து வைத்தவர்களில் பலர் கடைசி நாட்களில் ரத்து செய்வார்கள், அந்த இடங்கள் சத்தமில்லாமல் முன்பதிவுத் தளத்துக்குத் திரும்பி வரும், அதனால் இன்று ராத்திரி தூங்கப்போகும் முன் ஒரு தடவை, காலையில் எழுந்ததும் ஒரு தடவை பாருங்கள். சில பூங்காக்கள் இன்னமும் முந்துகிறவருக்கு இடம் என்ற முறையில் ஒரு பகுதியை வைத்திருக்கின்றன. அங்கே ரகசியம் நேரம்தான்: முந்தைய இரவு தங்கியவர்கள் பெரும்பாலும் மதியத்துக்குள் காலி செய்வார்கள், அவர்கள் டென்ட்டைச் சுருட்டும்போது நீங்கள் அங்கே நிற்க வேண்டும். மாலையில் போய் நின்றால் மரம்தான் மிச்சம்.

இரண்டும் அமையாவிட்டால் பூங்காவின் எல்லையை ஒட்டி வெளியே பாருங்கள். சுற்றியிருக்கும் வனப்பகுதிகளிலோ, தனியார் முகாம்களிலோ இடம் கிடைக்கும், பகலில் உள்ளே போய்ச் சுற்றிவிட்டு ராத்திரி வெளியே வந்து படுக்கலாம். அதே வானம், அதே காற்று, கூட்டம் மட்டும் குறைவு. என்னைக் கேட்டால் முதல் தடவை போகும் குடும்பத்துக்கு இதுதான் நல்லது என்றுகூடச் சொல்வேன்.

கேள்வி: தேசியப் பூங்கா என்றால் எங்கே வேண்டுமானாலும் டென்ட் போடலாம்தானே? நண்பர் ஒருவர் அப்படித்தான் சொல்கிறார்.

நண்பர் சொல்வதைக் கேட்டால் அபராதச் சீட்டு வரும். பல நாடுகளில் தேசியப் பூங்காவுக்குள் குறிப்பிட்ட முகாம்களில் மட்டும்தான் தங்க முடியும், சில இடங்களில் பொதுமக்கள் டென்ட் போட்டுத் தங்கவே அனுமதி கிடையாது, உள்ளே இருக்கும் விடுதியில் படுக்கலாம் அவ்வளவுதான். முகாமை விட்டுத் தள்ளி, காட்டுக்குள் நடந்துபோய்த் தங்க வேண்டுமென்றால் அதற்குப் பெரும்பாலும் தனி அனுமதி வாங்க வேண்டும்.

நேரத்தையும் கவனியுங்கள். தென்னாப்பிரிக்காவின் குரூகர் பூங்காவில் முகாம்களைச் சுற்றி வேலி இருக்கிறது, மாலையில் வாயிற்கதவை மூடிவிடுவார்கள், அதற்கப்புறம் வந்து சேர்ந்தால் அபராதம். ஆப்பிரிக்காவிலேயே வேலி இல்லாத முகாம்களும் உண்டு, தான்சானியாவின் செரெங்கெட்டியில் பொது முகாம்களுக்குள் ராத்திரி விலங்குகள் சாதாரணமாக வந்துபோகும். எது எந்த வகை என்று தெரிந்துகொண்டு குழந்தைகளைக் கூட்டிப்போங்கள்.

கேள்வி: பகலில் வெயில் நன்றாக அடிக்கிறது, வானிலை அறிக்கையும் இதமாகத்தான் சொல்கிறது. வீட்டுப் போர்வைகளே போதாதா? ஸ்லீப்பிங் பேக் எல்லாம் வாங்கணுமா?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் திடீரென்று கிளம்பும் குடும்பங்கள் ராத்திரி இரண்டு மணிக்குக் காரில் ஏறி ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் பாம்போ கரடியோ அல்ல, குளிர்தான்.

முதல் விஷயம், நீங்கள் பார்த்த வானிலை எந்த ஊருடையது? பூங்காவுக்குப் பக்கத்து ஊர் அடிவாரத்தில் இருக்கும், முகாம் மேலே இருக்கும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். ஊரில் இரவு 15 டிகிரி என்றால் 1,500 மீட்டர் மேலே இருக்கும் முகாமில் 5 டிகிரி வரை இறங்கலாம், அதுவும் மேகமில்லாத இரவென்றால் நிலத்தின் சூடு நேராக வானத்துக்குப் போய்விடும், இன்னும் இறங்கும். நட்சத்திரம் பளிச்சென்று தெரிகிற இரவுதான் நடுக்குகிற இரவு. குளிர்ந்த காற்று கனமானது, ராத்திரியில் சரிவிலிருந்து வழிந்து பள்ளத்தாக்கின் அடியில் தேங்கும், அதனால் ஓடைக்கரைப் புல்வெளி பகலில் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைவிடக் கொஞ்சம் மேடான இடம் கிடைத்தால் அங்கே போடுங்கள்.

இரண்டாவது, குளிர் மேலிருந்து வருவதைவிடக் கீழிருந்துதான் அதிகம் வாங்கும். நீங்கள் படுத்ததும் முதுகுக்கு அடியில் இருக்கும் போர்வையோ ஸ்லீப்பிங் பேக்கோ நசுங்கிவிடுகிறது. சூட்டைப் பிடித்து வைப்பது அதற்குள் அடைபட்ட காற்றுதான், நசுங்கினால் அது போயிற்று. தரை உங்கள் உடம்புச் சூட்டை விடிய விடிய இழுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே ஒரே ஒரு பொருள் வாங்கக் காசு இருக்கிறதென்றால் ஸ்லீப்பிங் பேக்கை விட்டுவிட்டு நல்ல மேட் வாங்குங்கள். அதன் மேல் ஆர் மதிப்பு என்று ஒரு எண் போட்டிருப்பார்கள், எண் கூடக்கூட தரைக்குளிர் உடம்பை எட்டுவது குறையும். உறைநிலைக்குப் பக்கத்தில் போகும் இரவுகளுக்கு 4 அல்லது அதற்கு மேல் பாருங்கள். கடைக்குப் போக நேரமில்லையா, பிள்ளைகளின் விளையாட்டு அறையில் தரைக்குப் போடும் நுரைப்பாய் இருந்தால் அதைத் தூக்கி வண்டியில் போடுங்கள், யோகா மேட் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டாலும் ஓரளவு தாங்கும். விருந்தாளிகளுக்காக ஊதி வைத்திருக்கும் பெரிய காற்று மெத்தை மட்டும் வேண்டாம். பார்க்க மெத்தென்று இருக்கும், ஆனால் அதற்குள் காற்று தாராளமாகச் சுழல்வதால் குளிர்கால இரவில் ஐஸ் கட்டி மேல் படுத்த கதைதான்.

வீட்டுப் போர்வை எடுத்துப் போகலாம், தப்பில்லை. இருப்பதில் கனமானவற்றை எடுங்கள், பாதியை அடியில் விரியுங்கள். ஸ்லீப்பிங் பேக் வாங்குகிறவர்கள் பைமேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் வெப்பநிலையை நம்ப வேண்டாம். உள்ளே சிறிய எழுத்தில் "கம்ஃபர்ட்" என்று ஒரு எண், "லிமிட்" என்று ஒரு எண் இருக்கும், கம்ஃபர்ட் எண்ணைப் பார்த்து வாங்குங்கள், லிமிட் என்பது சுருண்டு படுத்துச் சமாளிக்கிற அளவு. பகலில் வியர்த்த பருத்தி உடுப்போடு படுக்காதீர்கள், பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பைக் குளிரவைக்கும். படுக்கப்போகும் முன் எல்லாரும் உலர்ந்த உடுப்புக்கு மாற வேண்டும், சாக்ஸ் உட்பட. சின்னப் பிள்ளைகள் சூட்டைப் பெரியவர்களைவிட வேகமாக இழப்பார்கள், தலைக்குத் தொப்பி போட்டுப் படுக்கவையுங்கள்.

கேள்வி: நாங்கள் நாலு பேர். நாலு பேர் டென்ட் வாங்கினால் போதுமல்லவா?

போதும், நீங்கள் நாலு பேரும் தோளோடு தோள் ஒட்டிப் படுத்து, யாரும் புரளாமல், பைகளை வெளியே மழையில் விட்டுவிடத் தயார் என்றால். டென்ட் கம்பெனிகளின் கணக்கு அப்படித்தான். ஆள் கணக்கோடு இரண்டு சேர்த்து வாங்குங்கள்.

அதைவிட முக்கியம், கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே ஒரு தடவை விரித்துப் பாருங்கள். மொட்டை மாடியோ வாகன நிறுத்தமோ எதுவானாலும் சரி. கம்பு ஒன்று குறைகிறது என்பது வீட்டில் தெரிந்தால் எரிச்சல், காட்டில் இருட்டில் தெரிந்தால் வேறு கதை. அடியில் தார்ப்பாய் விரிக்கிறவர்கள் அது டென்ட்டின் ஓரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்காதபடி உள்ளே மடித்துவிடுங்கள், நீட்டியிருந்தால் மேலிருந்து வழியும் மழைத்தண்ணீரைப் பிடித்து நேராக உங்கள் முதுகுக்கு அடியில் கொண்டுவந்து சேர்க்கும். காலையில் உள்பக்கமெல்லாம் நனைந்திருந்தால் டென்ட் ஒழுகுகிறது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகவேண்டாம், பெரும்பாலும் அது நீங்கள் நாலு பேரும் விட்ட மூச்சுக்காற்றின் ஈரம். குளிர்கிறதே என்று எல்லா ஜன்னலையும் மூடினால் அப்படித்தான் ஆகும். மேலே இருக்கும் காற்றுத் துளையைத் திறந்தே விடுங்கள்.

இடம் தேர்ந்தெடுக்கும்போது அண்ணாந்து பார்க்கும் பழக்கம் வேண்டும். காய்ந்த பெரிய கிளை, பட்டுப்போன மரம், இவற்றுக்கு அடியில் போடாதீர்கள், காற்று அடிக்காமலேகூட விழும். வறண்ட ஆற்றுப்படுகை சமதளமாக, மணலாக, மிருதுவாக ஆசைகாட்டும். மேலே எங்கேயோ பெய்யும் மழை அங்கே வெள்ளமாக வந்து நிற்க அதிக நேரம் ஆகாது.

கேள்வி: மழையோ கடுங்குளிரோ வந்தால் கேஸ் அடுப்பை டென்ட்டுக்குள் வைத்துச் சமைக்கலாமா? கொஞ்ச நேரம் சூடும் கிடைக்குமே.

கூடாது. கேஸ் அடுப்பு, கரி அடுப்பு, கேஸ் ஹீட்டர், எதுவும் கூடாது, ஜிப்பைக் கொஞ்சம் திறந்து வைத்திருக்கிறேன் என்பதும் கணக்கில் வராது. இவை எல்லாமே கார்பன் மோனாக்சைடு வெளியிடும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை, தூக்கம் வருவது போல இருக்கும், அப்படியே எழுந்திருக்க மாட்டார்கள். குடும்பத்தோடு டென்ட்டில் இறந்தவர்கள் என்று செய்தி வரும்போது பல சமயம் காரணம் இதுதான், அதிலும் சமைத்து முடித்த கரி அடுப்பு அணைந்துவிட்டது என்று நினைத்துச் சூட்டுக்காக உள்ளே கொண்டுபோய் வைத்த கதைகள்தான் அதிகம். வெளியே ஜ்வாலை இல்லாவிட்டாலும் கரி உள்ளுக்குள் கனன்றுகொண்டு வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும்.

சூடு வேண்டுமா, வெளியே தண்ணீர் காய்ச்சி, கசியாத பாட்டிலில் ஊற்றி இறுக்கி மூடி, ஒரு சாக்ஸுக்குள் போட்டு ஸ்லீப்பிங் பேக்கில் கால்மாட்டில் வையுங்கள். வெகுநேரம் தாங்கும்.

மழையோடு இடி வந்தால் டென்ட் பாதுகாப்பில்லை. மின்னலுக்கும் இடிச் சத்தத்துக்கும் நடுவே 30 விநாடிக்குள் இருந்தால் எல்லாரும் காருக்குள் போய்க் கதவை மூடுங்கள், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் இறங்க வேண்டும். அந்த அரை மணி நேரம் பிள்ளைகளை அடக்கி வைப்பது உங்கள் பாடு.

கேள்வி: விலங்குகளை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. ராத்திரி டென்ட்டுக்குள் வந்துவிடுமா?

உங்களைத் தேடி வராது, உங்கள் சாப்பாட்டைத் தேடி வரும். இதைப் புரிந்துகொண்டால் முக்கால்வாசி பயம் போய்விடும், மீதிக் காலுக்கு வேலை இருக்கிறது.

1872-இல் உலகின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது அமெரிக்காவின் யெல்லோஸ்டோன். அங்கே ஒரு காலத்தில் விடுதிகளின் எச்சில் குப்பையைக் கொட்டி, கரடிகள் வந்து தின்பதைப் பயணிகள் வேடிக்கை பார்ப்பதற்குப் படிவரிசையாகப் பெஞ்சு போட்டு வைத்திருந்தார்கள். சாலையோரத்தில் கார் ஜன்னலிலிருந்து கரடிக்குத் தின்பண்டம் நீட்டுவதும் சாதாரணம். மனிதன் இருந்தால் தீனி இருக்கும் என்று கரடிகள் கற்றுக்கொண்டன, ஆட்கள் காயம்பட்டார்கள், கரடிகளைச் சுட்டுக் கொல்ல வேண்டி வந்தது. 1970-ஐ ஒட்டித்தான் கடைசிக் குப்பைமேடுகளை மூடினார்கள். இன்றைக்கு உங்களுக்கு எரிச்சலூட்டும் விதிகளில் பாதி, இந்த மாதிரி வேடிக்கைகளின் விளைவைப் பார்த்துப் போட்டவை.

ஆகவே டென்ட்டுக்குள் சாப்பாடு கூடாது. சாப்பாடு என்றால் சமைத்தது மட்டுமல்ல, பிஸ்கட், சூயிங்கம், பற்பசை, சோப்பு, உதட்டுக்குப் பூசும் தைலம், குழந்தையின் துடைப்பான், மணக்கிற எதுவுமே. நமக்கு அது பற்பசை, மோப்பம் பிடிக்கிற விலங்குக்கு அது தின்பண்டம். பிள்ளையின் சட்டைப்பையில் மறந்துபோன மிட்டாயையும் தேடி எடுங்கள். கரடிகள் உள்ள பூங்காக்களில் முகாம்தோறும் இரும்புப் பெட்டி வைத்திருப்பார்கள், எல்லாவற்றையும் அதில் வைத்துப் பூட்ட வேண்டும். காரில் வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள், யோசெமிட்டியில் கரடிகள் கார்க்கதவைப் பிடுங்கித் திறந்த சம்பவங்கள் ஏராளம். கரடி இல்லாத நாடுகளில் குரங்கு இருக்கும், காட்டுப்பன்றி இருக்கும், எலி இருக்கும். எலி சின்னதுதான், ஆனால் ஒரு பிஸ்கட்டுக்காக உங்கள் புது டென்ட்டில் வட்டமாக ஓட்டை போட அதற்குத் தயக்கம் கிடையாது.

பகலில் தூரம். யெல்லோஸ்டோனில் கரடி, ஓநாய்க்கு 91 மீட்டர், மற்ற விலங்குகளுக்கு 23 மீட்டர் என்று விதி. டேப் எடுத்துப் போகத் தேவையில்லை, கையை நேராக நீட்டிக் கட்டைவிரலை உயர்த்தி ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், விலங்கு முழுவதும் விரலுக்குப் பின்னால் மறைந்தால் சரி, மறையவில்லை என்றால் நீங்கள் ரொம்பப் பக்கத்தில் நிற்கிறீர்கள். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தால் அப்புறம் அவர்களே உங்களைக் கண்டிப்பார்கள். சாந்தமாகப் புல் மேய்கிறதே என்று செல்ஃபிக்காகக் காட்டெருமைக்குப் பக்கத்தில் போகிறவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை, காட்டெருமை சொல்லிவிடும்.

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது, ஒரு இடத்தில் நிற்க மாட்டான். காட்டில் தொலைந்துபோனால் என்ன செய்வது என்ற நினைப்பிலேயே எனக்குத் தூக்கம் வரவில்லை. பயமுறுத்தாமல் எப்படிச் சொல்லித்தருவது?

அவனுக்கு ஒரு விசில் வாங்கிக் கழுத்தில் மாட்டுங்கள். மூன்று தடவை ஊதினால் "உதவி வேண்டும்" என்று பொருள், பல நாட்டு மீட்புக் குழுக்களுக்கும் மலையேறுபவர்களுக்கும் இது பழகிய குறிப்பு. விளையாட்டுக்கு ஊதக்கூடாது என்று சொன்னால் கேட்கமாட்டான், அதனால் முதல் நாள் காரில் வரும்போதே ஊதித் தீர்க்கவிடுங்கள்.

அடுத்தது, வழி தெரியவில்லை என்று தோன்றிய உடனே நடப்பதை நிறுத்த வேண்டும். 1981-இல் கலிபோர்னியாவில் குடும்பத்தோடு மலைக்குப் போன ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் வழி தவறி இறந்துபோனான். அந்தத் தேடுதலில் இருந்தவர்கள் அதற்கப்புறம் பிள்ளைகளுக்காக ஒரு பாடத்தைத் தொடங்கினார்கள்: வழி தவறினால் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அங்கேயே இரு. தொலைந்த பிள்ளை நடக்க நடக்கத் தேடவேண்டிய பரப்பு பெரிதாகிக்கொண்டே போகிறது, ஒரு இடத்தில் இருந்தால் சீக்கிரம் கண்டுபிடித்துவிடலாம், மரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது பிள்ளைக்குத் தைரியமும் தரும். அவனிடம் இன்னொன்றும் கட்டாயம் சொல்லுங்கள், தொலைந்ததற்கு அம்மா திட்டமாட்டேன் என்று. அடி விழும் என்ற பயத்தில், தேடி வருகிறவர்கள் கூப்பிடும்போது பதில் கொடுக்காமல் ஒளிந்துகொள்ளும் பிள்ளைகள் உண்டு. முன்பின் தெரியாதவரோடு பேசாதே என்று நாம் சொல்லி வைத்திருப்பதும் அங்கே குறுக்கே நிற்கும், சீருடையில் வருகிறவர்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தேடுகிறவர்கள், இவர்களுக்குச் சத்தமாகப் பதில் சொல்லலாம் என்று பிரித்துச் சொல்லுங்கள்.

காலையில் கிளம்பும்போது அவனைத் தலை முதல் கால் வரை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், செருப்பின் அடிப்பாகத்தையும் சேர்த்து. என்ன சட்டை போட்டிருந்தான் என்று கேட்டால் பதற்றத்தில் எந்தப் பெற்றோருக்கும் நினைவுக்கு வராது. பளீர் நிறச் சட்டை போட்டுவிடுங்கள், பச்சையும் காக்கியும் வேண்டாம்.

கேள்வி: மாமனாரும் மாமியாரும் "நாங்களும் வருகிறோம்" என்கிறார்கள். இருவருக்கும் எழுபதைத் தாண்டிவிட்டது. எப்படிச் சொல்லித் தவிர்ப்பது?

ஏன் தவிர்க்க வேண்டும்? எழுபதைத் தாண்டியவர்களுக்கு டென்ட்டில் இருக்கும் தொல்லை இரண்டுதான், தரையிலிருந்து எழுந்திருப்பதும் ராத்திரி கழிப்பறைக்குப் போவதும். முதலாவதற்கு மடக்குக் கட்டில், மேலே ஒரு மேட். இரண்டாவதற்கு, கழிப்பறைக்கு நடக்கிற தூரத்தில் இடம் எடுங்கள், ஆளுக்கொரு ஹெட்லாம்ப் கொடுங்கள், டென்ட்டைக் கட்டிய கயிறுகளில் வெள்ளைத் துணி ஏதாவது கட்டிவிடுங்கள், இருட்டில் கால் தடுக்குவது அதில்தான். பல பூங்காக்களில் மரக்குடில்களும் உண்டு, அவர்கள் அதில், நீங்கள் டென்ட்டில் என்று பிரித்துக்கொண்டால் எல்லாரும் நன்றாகத் தூங்குவீர்கள்.

உயரத்தை மட்டும் பாருங்கள். 2,500 மீட்டருக்கு மேல் ஒரே நாளில் ஏறிப்போய்ப் படுத்தால் மலை நோய் வரலாம், தலைவலி, குமட்டல் என்று ஆரம்பிக்கும். வயது ஒரு பொருட்டல்ல, இளைஞர்களுக்கும் வரும், ஆனால் இதயம் நுரையீரல் தொந்தரவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது. மருந்துகளைத் தேவைக்கு மேல் ஒரு நாளுக்குச் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் தவிர்க்க நினைத்தது வேறு காரணத்துக்கு என்றால் அது இந்தப் பகுதியின் கேள்வி அல்ல.

கேள்வி: கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். கழிப்பறை?

முகாம்களில் பெரும்பாலும் இருக்கும், தண்ணீர் இல்லாத குழிக் கழிப்பறையாகவும் இருக்கலாம், காகிதம் தீர்ந்துபோயும் இருக்கலாம், கையோடு கொண்டுபோங்கள். நடைப்பாதையில் அவசரம் வந்தால் ஓடை, பாதை, முகாம் மூன்றிலிருந்தும் 60 மீட்டர் தள்ளிப்போய், 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டி, மூடிவிட்டு வாருங்கள். காகிதத்தைப் புதைக்காமல் ஜிப் பையில் போட்டுத் திரும்ப எடுத்துவர வேண்டும், விலங்குகள் அதைத் தோண்டி எடுத்துவிடும். சின்னத் தோட்டக் கரண்டி ஒன்று பையில் இருக்கட்டும்.

கேள்வி: ஓடைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. குடிக்கலாமா?

காய்ச்சாமல் குடிக்காதீர்கள், மேலே ஏதோ விலங்கு நின்றிருக்கும். நன்றாகக் கொதித்த பிறகு ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேல் என்றால் மூன்று நிமிடம். மேலே போகப்போகத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், அதற்காகத்தான் கூடுதல் நேரம். கையடக்க வடிகட்டிகள் பல, பாக்டீரியாவைப் பிடித்தாலும் வைரஸை விட்டுவிடும், குளோரின் மாத்திரைக்குச் சில ஒட்டுண்ணிகள் அசையாது. காய்ச்சுவதில் இந்தச் சிக்கலே இல்லை. ஒரு நாள் பயணத்துக்கு என்றால் வீட்டிலிருந்தே தண்ணீர் ஏற்றிக்கொண்டு போய்விடுவது இன்னும் எளிது.

கேள்வி: வீட்டில் காய்ந்த விறகு நிறையக் கிடக்கிறது. எடுத்துப்போய் தீ மூட்டலாம் என்று பார்க்கிறோம்.

விறகை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பட்டைக்கு அடியில் பூச்சிகளும் முட்டைகளும் இருக்கும், நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் காட்டுக்கு அவற்றை நீங்களே வண்டி வைத்துக் கூட்டிப்போனதாக ஆகும். ஆசியாவிலிருந்து போன மரகத நிறத் துளைப்பான் வண்டு ஒன்று 2002-இல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது, அது அங்கே கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றிருக்கிறது, அது ஊர் ஊராகப் பரவியதில் இப்படிக் காரில் போன விறகுக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கேயே விற்கும் விறகை வாங்குங்கள். தீ மூட்டத் தடை இருக்கிறதா என்று வாயிலில் கேளுங்கள், வறண்ட மாதங்களில் பெரும்பாலும் தடை இருக்கும். மூட்டினால், படுக்கும் முன் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையைச் சாம்பலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சூடு தெரிகிறதா என்று பாருங்கள். மண்ணைப் போட்டு மூடினால் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும்.

கேள்வி: மகளுக்குப் பதினைந்து. "சிக்னல் இல்லாத இடத்துக்கு நான் எதுக்கு" என்கிறாள். என்ன சொல்லி இழுத்துப்போவது?

வானத்தைச் சொல்லி. நகரத்து வெளிச்சத்தில் வளர்ந்த பிள்ளைகளில் பலர் பால்வீதியைக் கண்ணால் பார்த்ததே இல்லை. அமாவாசையை ஒட்டிப் போனால் அது தலைக்கு மேலே மங்கலான பட்டையாகத் தெரியும், ஆகஸ்ட் 12, 13 வாக்கில் என்றால் பெர்சீட் எரிகற்களும் சேரும். கண் இருட்டுக்கு முழுவதும் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும், நடுவில் யாராவது போனைத் திறந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆக போனை வைத்துவிடு என்று நீங்கள் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, அவளே தம்பியைத் திட்டுவாள். ஹெட்லாம்ப்பில் சிவப்பு வெளிச்சம் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

சிக்னல் விஷயத்தில் அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பொறுப்பை அவளிடமே கொடுங்கள்: கிளம்பும் முன் வரைபடத்தைப் போனில் இறக்கி வைப்பது, எங்கே தங்குகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் இருக்கும் உறவினருக்கு எழுதி அனுப்புவது. உள்ளே போனதும் எல்லாப் போனையும் விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள், சிக்னலைத் தேடித் தேடியே பேட்டரி தீர்ந்துவிடும்.

கேள்வி: நாயையும் கூட்டிப்போகலாமா?

பல தேசியப் பூங்காக்களில் நடைப்பாதைகளில் நாய்க்கு அனுமதி இல்லை, சிலவற்றில் வாயிலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். காரில் விட்டுவிட்டு நடக்கப் போகலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், வெயிலில் நிற்கும் கார் நிமிடங்களில் அடுப்பாகிவிடும். இந்த முறை பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை எப்போது கிளம்பினால் சரியாக இருக்கும்? திங்கள் காலை எல்லாருக்கும் வேலை, பள்ளி.

மதியத்துக்குள். டென்ட்டைச் சுருட்டுவதற்கு நீங்கள் நினைப்பதைவிட இரண்டு மடங்கு நேரம் ஆகும், பனியில் நனைந்திருக்கும், காய விட வேண்டும், பிள்ளைகள் முளைகளை எங்கேயாவது போட்டிருப்பார்கள், எண்ணிப் பார்த்துப் பையில் போடுங்கள். காயவில்லையென்றால் அப்படியே சுருட்டிக்கொண்டு வரலாம், ஆனால் எவ்வளவு களைப்பாக இருந்தாலும் வீடு வந்த அன்றே கதவு மேலோ கொடியிலோ விரித்துப் போட்டுவிடுங்கள். ஈரத்தோடு பையில் கட்டி வைத்த டென்ட்டில் பூசணம் பிடித்துவிட்டால் அந்த நாற்றம் எதற்கும் போகாது, துணியின் மேல் இருக்கும் தண்ணீர் ஒட்டாத பூச்சும் உரிய ஆரம்பிக்கும்.